தண்ணீரைக் கண்டால் நிற்காத நாய்: கட்டிப்போடுவதா, அடிப்பதா, தண்ணீரையே கூலியாக்குவதா?

மாலை மழை விட்டதும் செம்பனைக் காட்டுப் பெரிய கால்வாய் நிறைந்து ஓடும். மோட்டார் சைக்கிளை உள்ளே தள்ளக் கேட்டைத் திறந்த நொடியில் நாய் காலிடுக்கில் புகுந்து வெளியே பாய்ந்துவிடும். கூப்பிட்டால் காது மட்டும் அசையும், கால்கள் தண்ணீரை நோக்கித்தான் போகும். அரை மணி நேரம் கழித்துக் கறுப்புச் சேற்றோடு திரும்பி வந்து, வாசலில் நிற்கிறவர் மேல் முன்காலை வைத்து உதறும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பீடோர், தாப்பா, சுங்காய், கம்பார் பக்கத்துத் தோட்டப் பட்டணங்களில் நாய் வளர்க்கிற வீடுகளுக்கு இது பழகிப்போன தலைவலி. இதற்கு நான்கு வழிகள் சொல்லப்படுகின்றன: கட்டிப்போடு, அடித்துத் திருத்து, தண்ணீரையே மறக்கடி, தண்ணீரைக் கொடுத்தே பழக்கு. பெரும்பாலான வீடுகளுக்கு நான்காவதுதான் சரி என்பது எங்கள் முடிவு. ஆனால் உங்கள் வீட்டுக்கு அருகில் இருப்பது எந்தத் தண்ணீர் என்பதைப் பொறுத்து அந்த முடிவு மாறும்.

முதலில் குற்றத்தைப் பிரித்துப் பாருங்கள். சொல் கேளாமல் தண்ணீருக்கு ஓடுவது ஒன்று. இறங்கிய பிறகு கூப்பிட்டால் கரையேறாதது இன்னொன்று. ஈரத்தோடு ஆள் மேல் தாவுவது மூன்றாவது. எறிந்த பந்தை எடுத்து வந்து கொடுக்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு கரையோரம் ஓட்டம் காட்டுவது நான்காவது. எல்லாவற்றையும் சேர்த்து "அடங்காத நாய்" என்று சொல்லிவிட்டால் எதையும் திருத்த முடியாது. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டு. தண்ணீர் நாய்க்கு உடனடிக் கூலி கொடுக்கிறது. நம் ஊர் 33 டிகிரி வெயிலில் நாய் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைக் குறைக்க வேண்டும், பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். கால்வாயில் வயிறு நனைந்த அந்த நொடியே அதற்குச் சுகம். லாப்ரடார் கலப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீரில் விழுந்த வேட்டைப் பறவையை எடுத்து வருவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த இனம் அது. தடித்த வாலும், விரலிடைத் தோலும், தண்ணீர் உள்ளே இறங்காத இரட்டை மயிரும் நீந்துவதற்கென்றே அமைந்தவை. நீங்கள் கையில் வைத்திருக்கும் பிஸ்கட் அந்தச் சுகத்தோடு போட்டி போட முடியாது. இதை ஒப்புக்கொள்ளாமல் தொடங்குகிற எந்தப் பயிற்சியும் ஒரு மாதத்தில் நின்றுவிடுகிறது.

எந்தத் தண்ணீர் என்று பாருங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். தோட்டப் பட்டணத்தில் தண்ணீர் எல்லாம் ஒரே தண்ணீர் அல்ல.

செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளம் நாய் ஓடக்கூடிய தூரத்தில் இருந்தால், பயிற்சியைப் பற்றிய பேச்சு பிறகு, முதலில் வேலி. ஆலையிலிருந்து வெளியேறும்போது அந்தக் கழிவு 80, 90 டிகிரி சூட்டில் இருக்கும், புளிப்புத் தன்மையும் உண்டு. பின்வரிசைக் குளங்களில் சூடு ஆறியிருந்தாலும் மேலே எண்ணெயும் நாரும் படிந்து ஏடு கட்டிக் காய்ந்து கிடக்கும். நாயின் கண்ணுக்கு அது தரை. கால் வைத்ததும் உள்ளே போகும், ஏடு மேலே மூடிக்கொள்ளும்.

கிந்தா பள்ளத்தாக்கில் கம்பார், பத்து காஜா சுற்றுவட்டாரமெங்கும் கிடக்கிற, வெள்ளீயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கிய பழைய ஈயக்குட்டைகளில் ஆபத்து வேறு விதம். தண்ணீர் தெளிவாக, பார்க்க அழகாக இருக்கும். கரை செங்குத்து. மணல் சரியும், அடியில் வழுக்கும் களிமண். நீந்தத் தெரியாத நாய் அங்கே சாவது அரிது; நன்றாக நீந்துகிற நாய்தான் கரையேற இடம் கிடைக்காமல் ஒரே இடத்தில் பிராண்டிப் பிராண்டிக் களைத்துச் சாகிறது. ஆகவே குட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது ஆழத்தைவிட ஏறும் வழியைப் பாருங்கள். சரிவு மெதுவாக இறங்கி, நாய் நடந்தே வெளியே வரும்படி மூன்று நான்கு மீட்டர் அகலத்துக்காவது ஓரிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் குட்டை வேண்டாம்.

தோட்டக் கால்வாய் வறண்ட நாளில் சாது. மழைக்குப் பிறகு சாலைக்கு அடியில் போகிற சிமெண்டுக் குழாய்க்குள் நாயை இழுத்துவிடும். எலி மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சல் கிருமி தேங்கிய நீரிலும் சேற்றிலும் இருக்கும். சிராய்ப்பு வழியாகவும் கண், வாய் வழியாகவும் உடம்புக்குள் ஏறும், நாய்க்கும் ஏறும், அதைக் குளிப்பாட்டுகிற மனிதருக்கும் ஏறும். நாய்க்குத் தடுப்பூசி உண்டு: முதலில் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. நாய்க்குப் போடும் எல்லாக் கூட்டு ஊசியிலும் எலிக்காய்ச்சல் மருந்து சேர்ந்திருக்காது. "லெப்டோ இதில் இருக்கிறதா?" என்று கால்நடை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கையில் காயம் இருந்தால் உறை போட்டுக்கொண்டு கழுவுங்கள். நீந்திய நாய் அடுத்த சில நாட்களில் சாப்பிடாமல் படுத்து, வாந்தி எடுத்து, கண்ணோ ஈறோ மஞ்சளாகத் தெரிந்தால் நாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

செம்பனைக் காட்டில் இன்னும் இரண்டு கவனிக்க வேண்டும். மரத்தடியில் எலிக்கு வைக்கிற மெழுகு மருந்துக் கட்டியை நாய் தின்றுவிடும். களைக்கொல்லி அடித்த நாளில் அது வழிந்து கால்வாயில் சேரும். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது, ஆனால் வேறு களைக்கொல்லிகள் அடிக்கப்படுகின்றன. மருந்து அடிக்கும் கும்பல் எந்தப் பக்கம் போகிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

கட்டிப்போடுவதும் வேலியும்

இன்றே பலன் தருகிற வழி இது ஒன்றுதான். நாலடி உயரக் கம்பி வலை, கீழே தோண்டாதபடி ஓரடி மண்ணுக்குள் புதைத்தது அல்லது ஓரத்தில் சிமெண்டுக் கல் வரிசை. கேட்டுக்குத் தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங். கேட்டுக்கு உள்ளே ஒன்றரை மீட்டர் தள்ளி இன்னொரு சின்னக் கதவு வைத்தால் இன்னும் நல்லது. மோட்டார் சைக்கிள் உள்ளே வந்து வெளிக்கதவு மூடிய பிறகே உள்கதவு திறக்கும். ஓட்டத்தைத் தடுக்க இதைவிட மலிவான கருவி கிடையாது. வெளியே அலைகிற நாயை நகராண்மைக் கழக ஆட்கள் பிடித்துப் போகும் அபாயத்துக்கும் இது பாதுகாப்பு. உரிமமும் கழுத்துப்பட்டையும் இருக்கட்டும்.

வேலி எதையும் கற்றுக் கொடுக்காது என்பதுதான் அதன் குறை. ஆறு மாதம் அடைந்து கிடந்த நாய் ஒரு நாள் கேட் திறந்ததும் முன்னைவிட வேகமாக ஓடும். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிற நாய் குரைப்பும் கடியுமாக மாறுவதும் இங்கே பார்க்காத காட்சி அல்ல. சங்கிலி போட்டே ஆக வேண்டுமென்றால் வேலிக்கோ திண்ணைக்கோ பக்கத்தில் கட்டாதீர்கள். தாவி மறுபக்கம் விழுந்து கழுத்து இறுகிச் செத்துப்போன நாய்கள் உண்டு.

ஆகவே வேலியை மாற்று வழியாக எண்ணாமல், பயிற்சி முடிகிறவரை நாய் தானாகத் தண்ணீருக்கு ஓடிக் கூலி வாங்காமல் தடுக்கிற ஏற்பாடாக வையுங்கள். பயிற்சிக் காலத்தில் ஒரே ஒரு முறை தப்பிப் போய் நீந்தினாலும், அது நீங்கள் ஒரு வாரம் கட்டியதை அவிழ்த்துவிடும்.

அடியும் மின்பட்டையும்

"அடியாத மாடு படியாது" என்ற சொல்லை நாய்க்கும் பொருத்துகிறவர்கள் நிறைய. கால்வாயிலிருந்து திரும்பி வந்த நாயைப் பிரம்பால் அடிக்கிறார்கள். நாய் தண்டனையையும் பரிசையும் தான் கடைசியாகச் செய்த செயலோடுதான் சேர்த்துப் பார்க்கும். இடைவெளி ஓரிரு நொடியைத் தாண்டினாலே முடிச்சு தவறான இடத்தில் விழும். அரை மணி நேரம் நீந்தியதற்கு அடி என்று அதற்குப் புரியாது. வீட்டுக்கு வந்ததற்கு அடி என்றுதான் புரியும். அடுத்த முறை ஒரு மணி நேரம் கழித்து வரும், அல்லது கைக்கு எட்டாத தூரத்தில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். கூப்பிட்டால் வராத நாய்களில் பாதிக்கு மேல் இப்படி வீட்டிலேயே உருவாக்கப்பட்டவை என்பது எங்கள் எண்ணம்.

தொலைவிலிருந்து பொத்தானை அழுத்தினால் அதிர்ச்சி கொடுக்கும் மின்பட்டை இணையக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. இது நேரச் சிக்கலைத் தீர்க்கும் என்பதுதான் விற்பவர்களின் வாதம். தண்ணீரில் இருக்கும் நாய்க்கு அதிர்ச்சி விழுந்தால் அது எதைக் காரணமாக நினைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. அந்த நேரத்தில் கரையில் நின்ற குழந்தையாக இருக்கலாம், உங்கள் விசில் சத்தமாக இருக்கலாம். பயந்து எதிர்க்கரைக்கு நீந்திப் போகிற நாயும் உண்டு. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கூப்பிட்டால் வராதது போன்ற குறையுள்ள 63 நாய்களை வைத்து மின்பட்டைப் பயிற்சியையும் பரிசுப் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். மின்பட்டை எந்த வகையிலும் மேலாக அமையவில்லை, பரிசு வழிதான் முந்தியது. வேல்ஸ் நாடு 2010-லேயே மின்பட்டையைத் தடை செய்துவிட்டது.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, விலங்கை அடித்து வதைத்தது உறுதியானால் 20,000 வெள்ளி (ரிங்கிட்) முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் இந்த வழியை நாங்கள் சொல்ல மாட்டோம். பலன் இல்லாததற்கு நாயை நோகடிப்பது எதற்கு?

தண்ணீரை மறக்கடிப்பது

சில நாய்களுக்கு இதுதான் வழி. அடிக்கடி காதில் சீழ் வருகிற நாய், வலிப்பு உள்ள நாய், அல்லது சுற்றிலும் ஆலைக் குளமும் செங்குத்துக் குட்டையும் மட்டுமே உள்ள வீடு. அப்போது வாசலிலேயே சின்ன ஏற்பாடு செய்யுங்கள். குழந்தைகள் குளிக்கிற பிளாஸ்டிக் தொட்டியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி, நாலைந்து கேரட் துண்டு போட்டால் நாய் இருபது நிமிடம் அதிலேயே மெய்மறந்திருக்கும். அன்றைக்கே தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும், சுகாதார அதிகாரி வந்தால் அபராதமும் உண்டு. மற்றபடி, நல்ல தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும்போது நாயை அதிலிருந்து முழுக்க விலக்குவது வீண் போராட்டம். விதையடித்தால் அடங்கும் என்பதும் பாதி உண்மை. பெண் நாயைத் தேடி அலைவது குறையலாம். தண்ணீர் ஆசை அப்படியேதான் இருக்கும்.

தண்ணீரையே கூலியாக்குவது

1959-இல் டேவிட் பிரிமாக் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன விதி இதற்கு அடிப்படை. அதிகம் விரும்பிச் செய்கிற செயலை, குறைவாக விரும்புகிற செயலுக்குப் பரிசாக வைத்தால் இரண்டாவது செயல் கூடும். "வீட்டுப் பாடத்தை முடி, அப்புறம் பந்தடிக்கப் போ" என்று நம் வீடுகளில் சொல்வதும் அதுவேதான். நாய் உயிராக நினைக்கிற தண்ணீரின் திறவுகோல் உங்கள் கையில் இருக்க வேண்டும். உங்களைக் கேட்டால்தான் தண்ணீர், கேட்டால் நிச்சயம் தண்ணீர்.

வேண்டியவை: ஹார்னஸ் எனப்படும் மார்புப் பட்டை, பத்து மீட்டர் கயிறு, ஒரு விசில், அவித்த கோழித் துண்டுகள். கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள். ஓட்டத்தின் முடிவில் வருகிற வெட்டு கழுத்தெலும்பைப் பதம் பார்க்கும், முதுகுப்பக்கம் கொக்கியுள்ள மார்புப் பட்டைதான் சரி. கயிறு தண்ணீரில் மிதக்க வேண்டும். நைலான் மூழ்கி வேரில் சிக்கும், பாலிபுரொப்பிலீன் மிதக்கும். ஹார்ட்வேர் கடையில் இரண்டையும் "நைலான்" என்றே சொல்லி விற்பார்கள், ஆகவே ஒரு சாண் துண்டை வாளியில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். சுண்டுவிரல் பருமன் போதும். நுனியில் முடிச்சோ கைப்பிடி வளையமோ இருக்கக் கூடாது, அதுதான் கட்டையில் மாட்டும். தோட்டக் கையுறை போடுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், 30 கிலோ நாய் இழுத்தால் நீங்களும் குட்டைக்குள்தான். பிள்ளைகளிடம் கொடுக்கவே வேண்டாம்.

முதல் ஐந்து நாள் வீட்டுக்குள்ளேயே. விசிலை இரண்டு முறை குட்டையாக ஊதி, உடனே சுட்டுவிரல் நுனி அளவு கோழித் துண்டு. ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. விசில் எதற்கு என்றால், அதில் கோபம் ஏறாது. தண்ணீர் இரைச்சலைத் தாண்டியும் கேட்கும். வீட்டில் யார் ஊதினாலும் ஒரே சத்தம்.

ஆறாம் நாள் தண்ணீரிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள். நாய் கயிற்றை இழுக்கும், முனகும், குரைக்கும். நீங்கள் மரம்போல நில்லுங்கள், ஒரு சொல்லும் வேண்டாம். பத்து நொடியோ பத்து நிமிடமோ, எப்போதாவது அது திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்த நொடியே "போ!" என்று சொல்லி அதோடு சேர்ந்து ஐந்து மீட்டர் தண்ணீரை நோக்கி நடங்கள். மறுபடி இழுத்தால் மறுபடி நில்லுங்கள். முதல் நாள் தண்ணீரைத் தொட அரை மணி நேரம்கூட ஆகலாம். குரைப்பு உச்சத்துக்குப் போன பிறகுதான் இறங்கும். அந்த உச்சத்தில் மனம் இளகி விட்டுக்கொடுத்தால் "சத்தமாகக் குரைத்தால் கிடைக்கும்" என்பதே பாடமாகிவிடும். நான்காம் ஐந்தாம் முறையில் கரையோரம் தானாக உட்கார்ந்து உங்களைப் பார்க்கத் தொடங்கும். அந்தப் பார்வைக்காகத்தான் இத்தனை பாடும்.

கரையேற்றுவது இன்னும் நுட்பம். பெரும்பாலோர் வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டுமே நாயைக் கூப்பிடுகிறார்கள். அப்படியென்றால் விசில் என்பது "ஆட்டம் முடிந்தது" என்ற அறிவிப்பு. எந்த நாய் அதற்கு வரும்? தண்ணீரில் இறங்கிப் பத்து நொடியில், இன்னும் பக்கத்திலேயே இருக்கும்போது ஊதுங்கள். வந்ததும் கோழித் துண்டு, உடனே "போ!" என்று திரும்ப அனுப்புங்கள். பத்துக்கு எட்டு முறையாவது கரையேறியதற்குப் பரிசு மறுபடியும் தண்ணீராகவே இருக்கட்டும். நடுநடுவே நடைக்கயிற்றை மாட்டி, தின்னக் கொடுத்து, கழற்றித் திரும்ப விடுங்கள். அந்தக் கொக்கிச் சத்தம் முடிவின் அடையாளமாகிவிடக் கூடாது. கடைசி அழைப்புக்கு மட்டும் கையளவு ஈரல் வைத்திருங்கள். ஊதி வராவிட்டால் திரும்பத் திரும்ப ஊதாதீர்கள். கயிற்றை மெல்லச் சுருட்டிக் கரைக்குக் கொண்டுவந்து, அடுத்த முறை இன்னும் கிட்டத்தில் இருக்கும்போது கூப்பிடுங்கள்.

பந்தைக் கொடுக்காத நாய்க்கு ஒரே மாதிரி இரண்டு பொருள் வையுங்கள். வாயிலுள்ளதை விட்டால்தான் இரண்டாவது பறக்கும். உருண்டைப் பந்தைவிடத் தட்டையான மிதவைப் பொருள் நல்லது. பந்தைக் கவ்வ வாயை அகலத் திறக்கும் நாய் ஒவ்வொரு முறையும் தண்ணீரை விழுங்குகிறது. அதிகமானால் இரத்தத்தில் உப்பு குறைந்து தள்ளாட்டம், வாந்தி, வயிறு உப்பல், வெறித்த கண் எல்லாம் வரும். அது உயிர்போகிற அவசரம். பத்து நிமிட நீச்சல், பத்து நிமிட ஓய்வு என்று வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. மறுநாள் வால் ஈரத்துணிபோலத் தொங்கினால் வால் தசை களைத்திருக்கிறது. சில நாள் ஓய்வில் சரியாகும், வலி அதிகமென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஈரத்தோடு தாவுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அக்கம்பக்க உறவைப் பற்றியது. நாய் உதறுகிற ஒவ்வொரு முறையும் "உதறு" என்று சொல்லிப் பரிசு கொடுங்கள். சில வாரத்தில் சொல்லுக்கே உதறும். ஆட்களிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி உதறவைத்து, பழைய சாக்கில் நான்கு காலும் நிற்கத் துடைத்து, பிறகே நடை. முஸ்லிம் அண்டை வீட்டார் மேல் ஈர நாய் பட்டால் அவர்கள் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவித் தூய்மை செய்ய வேண்டியிருக்கும். நமக்கு அது வெறும் ஈரம், அவர்களுக்கு அப்படியல்ல. ஆகவே இந்தப் பழக்கம் படிகிறவரை வீடு வந்து சேரும் மட்டும் நீளம் குறைந்த கயிற்றிலேயே கொண்டுவாருங்கள்.

யாருக்கு எது?

விடியலில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போகிற வீடுகளில் காலை நேரம் கிடைக்காது. மாலை ஐந்து மணிக்குப் பிறகு, வாரம் நான்கு நாள், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் நான்காவது வழியைத் தொடங்கலாம். இரண்டு மூன்று மாதம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்; பல ஆண்டு கால்வாயில் ஊறிய நாய்க்கு இன்னும் கூடும். அந்த நேரம் இல்லாதவர்களும், நாயின் இழுப்பைத் தாங்க முடியாத முதியவர்களும் வேலியும் பிளாஸ்டிக் தொட்டியுமாக இருந்துவிடுவதில் எந்தக் குறையும் இல்லை. பயிற்சியாளரிடம் விட்டுவருவதானால், நீங்களும் நின்று பார்க்கவும் கயிற்றைப் பிடிக்கவும் விடுகிறவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் கூடத்தில் அவருக்குப் படிகிற நாய் உங்கள் கால்வாய்க் கரையில் உங்களுக்குப் படியும் என்று சொல்ல முடியாது.

பத்து முறை ஊதினால் ஒன்பது முறை முதல் விசிலுக்கே கரையேறுகிறது என்று இரண்டு வாரம் தொடர்ந்து கண்ட பிறகு கயிற்றைக் கையிலிருந்து விட்டு, தரையில் இழுபட விடுங்கள். அதற்கும் இரண்டு வாரம் கழித்தே கழற்றுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் கால்வாய் நிரம்பி ஓடும்போது எவ்வளவு தேறிய நாயானாலும் தண்ணீரில் இறக்காதீர்கள். மழை ஓய்ந்து கால்வாய் பழைய மட்டத்துக்கு இறங்கியதும், மறுபடி கயிற்றோடு முப்பது மீட்டர் தள்ளியிருந்தே தொடங்குங்கள்.